குறைமாதக் குழந்தைகள் பிரசவ அறையிலேயே சில்லிட்டுப் போவது: நர்சிங் பயிற்சியையும் பிஜி தீசிஸையும் ஒரே வேலையாகச் செய்ய முடியுமா?

கேள்வி: முப்பத்திநாலு_வாரம்

வணக்கம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் பச்சிளங் குழந்தைகள் பிரிவில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முதலாண்டு பிஜி (பட்டமேற்படிப்பு மாணவர்) ஒருவருக்குத் தீசிஸ் (ஆய்வேடு) தலைப்பு கொடுக்க வேண்டும். லேபர் வார்டு, தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கான பயிற்சிப் பொறுப்பும் என்னிடம்தான்.

34 வாரத்துக்கு முன்பே பிறந்து எஸ்.என்.சி.யூ.வுக்கு (பச்சிளங் குழந்தைகள் சிறப்புப் பராமரிப்புப் பிரிவு) வரும் குழந்தைகள் மாதத்துக்குச் சுமார் 20. அதில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் 36.5 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் வந்து சேர்வதாக ரிஜிஸ்டர் சொல்கிறது. இதை வைத்தே இரண்டு வேலையையும் முடிக்கலாம் என்று ஒரு திட்டம்: முதலில் எல்லா நர்ஸ்களுக்கும் ஒரு நாள் ஒர்க்‌ஷாப், அதற்கு முன்னும் பின்னும் எம்.சி.க்யூ. (சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்) தேர்வு. அதன் பிறகு சூடு போகாமலிருக்கப் பிறந்ததும் பிளாஸ்டிக் பை போட்ட குழந்தைகள், போடாத குழந்தைகள் என்று ரேண்டமைஸ் செய்து (குலுக்கல் முறையில் பிரித்து) இறப்பை ஒப்பிடுவது.

இது தேறுமா? எங்கே உதைக்கும்? எத்தனை குழந்தைகள் வேண்டும்? எத்திக்ஸ் கமிட்டியில் எந்த வகையில் போட வேண்டும்?

பதில்: வெண்பஞ்சு

முதலில் பையை எடுத்துக்கொள்வோம். பை வெப்பநிலையை உயர்த்தும் என்பது முடிந்துபோன கேள்வி. 32 வாரத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பை போடுவது இன்று வழக்கமான பராமரிப்பு. பாதிக் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்காமல் விடும் ஆய்வுக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் சம்மதிக்கக் கூடாது. சம்மதித்தால் அந்தக் கமிட்டியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். இறப்பைக் குறைக்குமா என்பதையும் பார்த்தாயிற்று. 28 வாரத்துக்குக் குறைந்த சுமார் 800 குழந்தைகளை வைத்து நடந்த ஹெல்ப் சோதனையில் (2015) வெப்பநிலை கூடியது, இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

"ஒவ்வொரு டிகிரி குறைவுக்கும் இறப்பு வாய்ப்பு 28 சதவீதம், பிந்தைய கிருமித்தொற்று 11 சதவீதம் கூடும்" என்ற 2007-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கை எல்லா தீசிஸ் முன்னுரையிலும் பார்க்கலாம். அது தொடர்பைக் காட்டும் எண்தான், காரணத்தை நிரூபித்த எண் அல்ல. மூச்சு விடாமல் பிறந்து பத்து நிமிடம் திறந்த உடம்போடு வார்மரில் (மேலிருந்து சூடு தரும் படுக்கை) கிடந்த குழந்தை குளிர்ந்தும் போகும், இறக்கவும் வாய்ப்பு அதிகம். உங்கள் பிஜி அந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் அதுவே நல்ல கல்வி.

ஆகவே "பை வேலை செய்யுமா" என்று கேட்காதீர்கள். "வேலை செய்யும் என்று தெரிந்த ஐந்தாறு காரியங்கள் நம் லேபர் வார்டில் ஏன் நடப்பதில்லை, நடக்க வைத்தால் எத்தனை குழந்தைகள் சூடாக வந்து சேர்வார்கள்" என்று கேளுங்கள். இது தர மேம்பாட்டு ஆய்வு. உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய அலுவலகமும் டெல்லி எய்ம்ஸும் சேர்ந்து உருவாக்கிய பாக்கி (பி.ஓ.சி.க்யூ.ஐ.) கையேடு இதற்கென்றே இருக்கிறது. நான்கே படிகள்: குழு அமைத்து இலக்கை எழுது, அளந்து காரணத்தைத் தேடு, மாற்றங்களைச் சின்னதாகச் சோதி, நிலைக்க வை. எழுதும்போது, இந்த வகை ஆய்வுக் கட்டுரைக்கான ஸ்குவயர் 2.0 வரைமுறையைப் பின்பற்றினால் பத்திரிகைகளும் ஏற்கும்.

இலக்கை இப்படி எழுதலாம்: "34 வாரத்துக்கு முன் நம் மருத்துவமனையிலேயே பிறந்து எஸ்.என்.சி.யூ.வில் சேரும் குழந்தைகளில், சேரும்போது 36.5-க்குக் கீழே இருப்பவர்களை 6 மாதத்தில் 50 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைப்பது." வெளியே பிறந்து 108-இல் வரும் குழந்தைகளை இதில் கலக்க வேண்டாம். அவர்கள் குளிர்வதற்கான காரணமே வேறு, அதைத் திருத்தும் அதிகாரமும் உங்கள் கையில் இல்லை. தனியாகப் பதிவு மட்டும் செய்யுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த ரிஜிஸ்டரை நம்பாதீர்கள். கடந்த ஓராண்டு சேர்க்கை வெப்பநிலைகளை எடுத்து 0.1 டிகிரி இடைவெளியில் ஒரு பட்டை வரைபடம் போடுங்கள். 36.5-இலும் 37.0-இலும் பட்டை கோபுரம்போல் நின்று, 36.3, 36.4 காலியாக இருந்தால் அவை அளந்த எண்கள் அல்ல, எழுதிய எண்கள். பல இடங்களில் குழந்தையை வார்மரில் போட்டு, ஐ.வி. லைன் போட்டு, அரை மணி கழித்து ஸ்கின் ப்ரோப் (தோலில் ஒட்டும் வெப்ப உணரி) காட்டுவதை "சேர்க்கை வெப்பநிலை" என்று எழுதுவார்கள். உங்கள் 50 சதவீதம் உண்மையில் 70 ஆகவும் இருக்கலாம். பயிற்சிக்குப் பிறகு நேர்மையாக அளக்க ஆரம்பித்தால் நிலைமை மோசமானதுபோலத் தெரியும், எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்.

அதனால் முதல் மாதம் பயிற்சியே வேண்டாம், அளவீட்டை மட்டும் சரிசெய்யுங்கள். எஸ்.என்.சி.யூ. வாசலில் ஒரே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், 32-க்குக் கீழேயும் காட்டக்கூடியது. சாதாரண டிஜிட்டல் கருவி 32-க்குக் கீழே போனால் "லோ" என்று மட்டும் காட்டி நின்றுவிடும், கடுமையான தாழ்வெப்பம் பதிவாகாமல் போகும். குழந்தையை வார்மருக்கு மாற்றும் முன் அக்குளில் வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, பீப் சத்தம் வரும்வரை. அளந்த நேரத்தையும் எழுத வேண்டும். 36.0 முதல் 36.4 வரை லேசான குளிர்ச்சி, 32.0 முதல் 35.9 வரை நடுத்தரம், 32-க்குக் கீழே கடுமை. இந்த மூன்று கட்டங்களையும் படிவத்திலேயே அச்சடித்துவிடுங்கள். 37.5-க்கு மேல் என்று நான்காவது கட்டம் கட்டாயம் வேண்டும். பையும் வார்மரும் சூடான மெத்தையும் சேர்ந்தால் குழந்தை கொதிக்கவும் செய்யும். அது உங்கள் எதிர்விளைவு அளவீடு, அதாவது மாற்றத்தால் புதுக் கேடு வருகிறதா என்று பார்ப்பது. அது இல்லாத திட்டத்தை நான் மதிப்பதில்லை.

பதில்: கூட்டல்_கழித்தல்

மேலே சொன்னவருக்கு வழிமொழிகிறேன். இறப்பை ஏன் விட வேண்டும் என்பதற்கு எண் கொடுத்தால் பிஜிக்கு உறைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: இறப்பு 15 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறையும் என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீத பவர் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீத ஆல்ஃபா (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு). ஒரு குழுவுக்கு 7.84 × (0.15×0.85 + 0.10×0.90) ÷ 0.05². கணக்குப் போட்டால் 683. இரண்டு குழுவுக்கும் சேர்த்து 1366. மாதம் 20 குழந்தைகள் என்றால் ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல். பிஜி படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்கே போயிருப்பார்.

தாழ்வெப்பம் 50-லிருந்து 30 சதவீதமாக என்று எடுத்தால் அதே சூத்திரத்தில் ஒரு கட்டத்துக்கு 91. மாற்றத்துக்கு முன் ஐந்து மாதம், பின் ஐந்து மாதம். இது தீசிஸ் காலத்துக்குள் அடங்கும்.

ஆனால் வெறும் முன்-பின் ஒப்பீட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது: பருவம். மார்கழி, தையில் முன்னளவு எடுத்துவிட்டு, சித்திரையில் பயிற்சி நடத்தி, வைகாசியில் பின்னளவு எடுத்தால் யார் என்ன செய்தாலும் குழந்தைகள் சூடாகத்தான் வருவார்கள். கத்திரி வெயில் உங்கள் பயிற்சிக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு பிரசவத்திலும் அறை வெப்பநிலையைப் பதிவுசெய்யுங்கள், அதை வைத்துச் சரிக்கட்டலாம். தியேட்டரில் பிறந்தவர்களைத் தனியாகவும் பாருங்கள், ஏ.சி. அறைக்குச் சித்திரையும் தெரியாது, மார்கழியும் தெரியாது.

இன்னொன்று: ஆம், இல்லை என்று பிரிப்பதால் தகவல் வீணாகிறது. 36.4-உம் 33.8-உம் ஒரே பெட்டிக்குள் போகின்றன. முதன்மை அளவு சதவீதமாகவே இருக்கட்டும், ஆனால் ரன் சார்ட்டில் (காலவரிசைப் புள்ளி வரைபடம்) சராசரி வெப்பநிலையைப் போடுங்கள். அடுத்தடுத்த 5 குழந்தைகளுக்கு ஒரு புள்ளி என்றால் மூன்று மாத முன்னளவில் 12 புள்ளிகள் கிடைக்கும். மீடியன் (நடு மதிப்பு) கோடு போட அது போதும். அதன் பிறகு 6 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் தொடர்ந்து கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் அது நகர்வு. 5 அல்லது அதற்கு மேற்பட்டவை தொடர்ந்து ஏறினாலோ இறங்கினாலோ அது போக்கு. இரண்டும் இல்லையென்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒரு சதவீதப் புள்ளி என்று போடாதீர்கள். வாரம் 5 குழந்தைகளில் ஒன்று கூடினாலே 20 சதவீதம் குதிக்கும், வரைபடம் ரம்பம்போல் இருக்கும்.

நர்ஸ்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்து ஒப்பிடலாமா என்று பிஜி கேட்பார். ஒரே ஷிஃப்டில் பயிற்சி பெற்றவரும் பெறாதவரும் ஒரே வார்மரில் நிற்பார்கள். பார்த்துக் கற்றுக்கொள்வார்கள், கற்கவும் வேண்டும். அந்த வடிவமைப்பு வேண்டாம்.

பதில்: செவ்வந்தி_சிஸ்டர்

பயிற்சிப் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன் டாக்டர்.

ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பும் எம்.சி.க்யூ.வும் போதாது என்பதற்கு நல்ல சான்று தான்சானியாவிலிருந்து வந்தது. "குழந்தைகள் மூச்சுவிட உதவுவோம்" என்ற எச்.பி.பி. பாடத்திட்டத்தை நாடு முழுக்கப் பல மருத்துவமனைகளில் கொண்டுபோனபோது முதல் 24 மணி நேர இறப்பு 47 சதவீதம் குறைந்தது, அறிக்கை வந்தது 2013-இல். அதே நாட்டில் ஹைடம் என்ற கிராமப்புற மருத்துவமனையில் ஒரே ஒரு நாள் பயிற்சி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சிப் பொம்மையில் எல்லோரும் நன்றாகச் செய்தார்கள். நிஜக் குழந்தையிடம் எதுவும் மாறவில்லை. பிறகு பொம்மையை லேபர் வார்டிலேயே வைத்து, வாரத்துக்குச் சில நிமிடம் திரும்பத் திரும்பப் பழக விட்ட பிறகுதான் இறப்பு குறைந்தது. அங்கிருந்து எடுக்க வேண்டியது இதைத்தான்: கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, வேலை செய்யும் இடத்திலேயே.

உங்கள் வார்டில் இதை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வைக்கலாம். ஹேண்ட்ஓவர் முடிந்ததும் 5 நிமிடம், வார்மர் பக்கத்தில், வந்த ஷிஃப்டில் இருவர். ஒரு தடவைக்கு ஒரே திறன். இந்த வாரம் வார்மர் தயார்செய்வது, அடுத்த வாரம் பை போடுவது, அதற்கடுத்து மாஸ்க் வென்டிலேஷன் (மாஸ்க் வைத்து மூச்சுக் கொடுப்பது), பிறகு எஸ்.என்.சி.யூ.வுக்குக் கொண்டுபோவது. நான்கு வாரத்தில் சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து. நைட் டியூட்டிக்காரர்களை விட்டுவிடாதீர்கள். பயிற்சி வருகைப் பதிவேட்டில் இரவு ஷிஃப்ட் காலியாக இருப்பதுதான் எல்லா ஊர்க் கதையும், ராத்திரியில்தான் ஆள் குறைவு.

வார்மரில் தவறு நடக்கும் இடங்கள். பிரசவத்துக்கு 15–20 நிமிடம் முன்பே மேனுவல் மோடில் (சூட்டை நாமே வைப்பது) முழுச் சூட்டில் போட வேண்டும், துணிகளும் அதன் மேலேயே. குழந்தை வந்த பிறகு ஸ்விட்சைத் தட்டினால் மெத்தை சூடாவதற்குள் குழந்தை குளிர்ந்துவிடும். பல வார்மர்கள் மேனுவல் மோடில் சுமார் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் அடிக்கும், யாரும் அழுத்தாவிட்டால் சூட்டைக் குறைத்துவிடும். அலாரத்தை "தொல்லை" என்று நினைப்பவர்களுக்கு இது தெரியாது. எஸ்.என்.சி.யூ.வில் சர்வோ மோடுக்கு (தோல் வெப்பநிலையைப் பார்த்து வார்மரே சூட்டைக் கூட்டிக் குறைப்பது) மாற்றினால் 36.5-இல் வைத்து, ப்ரோபை வலது மேல் வயிற்றில், எலும்பு மேல் படாமல் ஒட்ட வேண்டும். ப்ரோப் கழன்றுவிட்டால் அறைக் காற்றை அளந்து "குழந்தை குளிர்கிறது" என்று நினைத்து வார்மர் முழு வேகத்தில் எரியும். குழந்தை ப்ரோப் மேல் படுத்துவிட்டால் இதற்கு நேர்மாறு, சூடு நின்றுவிடும்.

பை: 32 வாரத்துக்குக் குறைந்த குழந்தையை உடம்பைத் துடைக்காமலே, ஈரத்தோடு, கழுத்து வரை உணவுத்தரப் பாலித்தீன் பைக்குள் வைக்க வேண்டும். தலையை மட்டும் துடைத்துத் தொப்பி. துடைத்துவிட்டுப் பை போடுவது, பையைத் திறந்து திறந்து ஸ்டெத் வைப்பது, எஸ்.என்.சி.யூ. வந்ததும் முதல் வேலையாகப் பையை உருவுவது, மூன்றும் தினமும் நடக்கும். சேர்க்கை வெப்பநிலை அளந்து 36.5 தாண்டிய பிறகே பை கழற்ற வேண்டும். தொப்புள் கொடியில் லைன் போட வேண்டுமென்றால் பையில் சின்ன வெட்டு போதும். 32 வாரத்துக்கு மேலென்றால் வேறு முறை: ஒரு துண்டால் துடைத்து, அந்த ஈரத்துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டாவது சூடான துண்டில் போர்த்துவது. ஈரத்துண்டிலேயே சுற்றிக் கொடுப்பதுதான் நான் அதிகம் திருத்துவது.

மாஸ்க் வென்டிலேஷனையும் இதோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள், ஏனென்றால் மூச்சு கொடுக்கப் போராடும் நேரத்தில்தான் குழந்தை குளிர்கிறது. குறைமாதத்துக்கு 0 அளவு மாஸ்க், நிறைமாதத்துக்கு 1. நிமிடத்துக்கு 40 முதல் 60 மூச்சு. "அழுத்து, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கொடுத்தால் வேகம் தானாகச் சரியாக வரும். பதற்றத்தில் எல்லோரும் வேகமாகத்தான் அழுத்துவார்கள். மார்பு எழவில்லை என்றால் இன்னும் பலமாக அழுத்துவதற்கு முன் மாஸ்கைச் சரிசெய், தலையைச் சரிசெய், வாயில் உள்ள சளியைக் குழாயால் உறிஞ்சு, வாயைத் திற; இவ்வளவும் பார்த்த பிறகுதான் அழுத்தத்தைக் கூட்டு. ஆம்பு பேகில் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) பின்பக்கம் ரிசர்வாயர் (ஆக்சிஜன் சேரும் பை) மாட்டாமல் ஆக்சிஜன் கொடுத்தால் குழந்தைக்குப் போவது சுமார் 40 சதவீதம்தான், மாட்டினால் 90-க்கு மேல். 32 முதல் 34 வாரக் குழந்தைக்கு ஆரம்பத்தில் தேவை 21 முதல் 30 சதவீதம். ஆகவே "ரிசர்வாயர் மாட்டியே வைத்திரு" என்ற பொதுப் பழக்கமும் தப்பு.

பொம்மைக்குப் பணம் இல்லை என்று நிறுத்த வேண்டாம். நியோநேட்டலி என்ற பயிற்சிப் பொம்மையில் தண்ணீர் நிரப்பினால் சுமார் 2 கிலோ, குழந்தையைத் தூக்கும் கனம் வரும். அதுகூட இல்லாவிட்டால் பை போடுவதற்கும் வார்மர் தயார்செய்வதற்கும் எந்த பொம்மையும் போதும்.

கடைசியாக, ஆயாம்மாவையும் குழுவில் சேருங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடப்பது பல நேரம் அவர்தான்.

முப்பத்திநாலு_வாரம் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. எம்.சி.க்யூ.வை முழுக்க விட்டுவிடலாமா? இன்னொரு சிக்கல்: எங்களிடம் சிசேரியன்தான் அதிகம். தியேட்டர் ஏ.சி.யின் வெப்பநிலையைக் கூட்டச் சொன்னால் சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் ஒத்துக்கொள்வதில்லை. தியேட்டரில் சுடுதண்ணி பாட்டில் வைக்கும் பழக்கமும் இருக்கிறது.

பதில்: வெண்பஞ்சு

பாட்டில் முதலில்: இன்றே நிறுத்துங்கள். குறைமாதத் தோல் வெந்துவிடும், பாட்டில் ஆறிய பிறகு அதுவே குழந்தையின் சூட்டை உறிஞ்சும்.

ஏ.சி.: நாள் முழுக்கக் கூட்டச் சொன்னால் நடக்காது, கேட்பதும் நியாயமில்லை. கவுன் போட்டு நிற்பவருக்கு வியர்க்கும். குறைமாத சிசேரியனுக்கு மட்டும், நோயாளியை உள்ளே எடுப்பதற்கு அரை மணி முன் கூட்டி, குழந்தை வெளியேறியதும் குறைப்பது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது குறைந்தது 25 டிகிரி, என்.ஆர்.பி. (பச்சிளங் குழந்தை உயிர்ப்பிப்புப் பயிற்சித் திட்டம்) 23 முதல் 25 என்கிறது. 23 என்றே பேரம் பேசத் தொடங்குங்கள். வார்மர் இருக்கும் மூலையில் ஒரு சுவர்த் தெர்மாமீட்டர் மாட்டுங்கள், ஏ.சி. ரிமோட்டில் தெரியும் எண்ணும் அந்த மூலையில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்காது. வார்மர் ஏ.சி. காற்றோட்டத்துக்கு நேர் கீழே இருந்தால் அதை நகர்த்துவது மட்டுமே ஒரு முழுச் சோதனைச் சுற்றுக்குப் போதுமான மாற்றம். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கையில் முன்னளவு வரைபடம் இருக்கட்டும். "தியேட்டரில் பிறந்தவர்கள் இத்தனை சதவீதம், லேபர் வார்டில் பிறந்தவர்கள் இத்தனை" என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் விவாதம் சுருங்கும். மயக்க மருந்துத் துறையிலிருந்து ஒருவரைக் குழுவில் பெயரோடு சேர்ப்பது இன்னும் நல்லது.

எம்.சி.க்யூ. பற்றி: பயிற்சியின் பலனை மதிப்பிடும் கிர்க்பாட்ரிக் படிநிலையில் நான்கு தளங்கள் உண்டு. பிடித்திருந்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, நோயாளிக்குப் பலன் கிடைத்ததா. நம் நாட்டில் மருத்துவக் கல்வி ஆய்வு என்று வருவதில் பெரும்பாலானது இரண்டாம் தளத்தில், அதே கேள்வித்தாளை அதே நாளில் இரண்டு முறை கொடுத்து "மதிப்பெண் கூடியது" என்று முடிகிறது. கூடாமல் என்ன செய்யும்? உங்களிடம் நான்காம் தளம், சேர்க்கை வெப்பநிலை, இயல்பாகவே இருக்கிறது. மூன்றாம் தளத்துக்கு ஒரு நேரடிக் கவனிப்புப் பட்டியல் வேண்டும்: வார்மர் முன்பே எரிந்ததா, அறை எத்தனை டிகிரி, பை துடைப்பதற்கு முன்பா பின்பா, தொப்பி உண்டா, எஸ்.என்.சி.யூ. போகும் வழியில் என்ன போர்த்தியது. ஆறேழு வரிக்கு மேல் போகாதீர்கள். இரண்டு பேர் ஒரே பிரசவத்தைத் தனித்தனியாகக் குறித்து, முதல் 20 பிரசவங்களில் கப்பா (இருவரின் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) பாருங்கள், 0.6-க்குக் கீழே இருந்தால் பட்டியலின் வார்த்தைகள் தெளிவில்லை என்று பொருள், ஆளை மாற்றாதீர்கள், வார்த்தையை மாற்றுங்கள். எம்.சி.க்யூ. வைத்தே ஆக வேண்டுமென்றால் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் திடீரென்று வையுங்கள். திறன் உதிர்வது அந்தக் காலத்தில்தான்.

பதில்: நெறிப்பலகை

எத்திக்ஸ் பக்கம் யாரும் தொடவில்லை.

"தர மேம்பாடுதானே, கமிட்டி வேண்டாம்" என்று பலர் ஆரம்பித்துவிட்டு, பத்திரிகை கேட்கும்போது முன்தேதியிட்ட கடிதம் தேடுவார்கள். தீசிஸ் என்றாலே கமிட்டி அனுமதி வேண்டும். விலக்கு உண்டா, துரிதப் பரிசீலனையா, முழுக் கூட்டமா என்பதைத் தீர்மானிப்பதும் கமிட்டிதான், ஆய்வாளர் அல்ல. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறையும் அப்படித்தான். எல்லாக் குழந்தைகளுக்கும் நிலையான பராமரிப்பையே கொடுத்து, பதிவை மட்டும் எடுக்கிறீர்கள் என்பதால் பெற்றோர் சம்மதத்திலிருந்து விலக்கு கோரலாம். காரணத்தை எழுதிக் கேட்க வேண்டும். நர்ஸ்களையும் மறக்காதீர்கள். அவர்களைக் கவனித்து மதிப்பெண் போடுகிறீர்கள் என்றால் அவர்களும் ஆய்வில் பங்கேற்பவர்கள். பெயரில்லாக் குறியீடு கொடுங்கள், அந்தத் தாள் நர்சிங் சூப்பிரண்டென்ட் மேசைக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். இல்லையென்றால் கவனிக்கும் நேரத்தில் மட்டும் எல்லாம் சரியாக நடக்கும்.

பின்னாளில் இதையே தலையீட்டுச் சோதனையாக மாற்றினால் முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேடு) பதிவு வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் முன்கூட்டிய பதிவு மட்டுமே ஏற்கிறார்கள், பிஜி தீசிஸுக்கும் அதே விதி. அப்போது சம்மதப் படிவத்தின் கேள்வி வரும். பிரசவ வலியில் இருக்கும் தாயிடம் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. குறைமாத வலிக்காக முதல் நாளே சேர்ந்தவர்களிடம், வலி இல்லாத நேரத்தில், தமிழ்ப் படிவத்தைப் படித்துக் காட்டி "நீங்க புரிஞ்சுக்கிட்டதைச் சொல்லுங்க" என்று திருப்பிச் சொல்ல வைத்து வாங்க வேண்டும். மாமியார் பக்கத்தில் நின்று தலையாட்டுவது கணக்கில் வராது.

உங்கள் பிஜியும் நீங்களும் அடிப்படை உயிர்மருத்துவ ஆய்வுப் பாடத்தை, சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இணையத்தில் நடத்துவதை, ஆய்வுத் திட்டம் எழுதுவதற்கு முன் முடித்துவிடுங்கள். எப்படியும் கட்டாயம், தீசிஸ் முடிந்த பிறகு படித்து என்ன பயன்?

பதில்: மூச்சுக்காற்று

ஒரு எச்சரிக்கை, பயிற்சியில் நிச்சயம் எழும். "மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தையைக் குளிர வைக்கத்தானே சொல்கிறார்கள்" என்று யாராவது கேட்பார். அது நிறைமாதக் குழந்தையின் மூளைப் பாதிப்புக்கான சிகிச்சை, 34 வாரக் குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நிறைமாதத்திலும் நம் பக்கம் கதை வேறு. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து நடந்த ஹெலிக்ஸ் சோதனையில் சென்னை மருத்துவக் கல்லூரியும் களனிப் பல்கலைக்கழகமும் பங்கேற்றன. 2021-இல் முடிவு வந்தது: இறப்பு அல்லது நடுத்தர, கடுமையான ஊனம் குளிர்வித்தவர்களில் 50 சதவீதம், மற்றவர்களில் 47. இறப்பு மட்டும் பார்த்தால் 42-க்கு 31, குளிர்வித்த பக்கம்தான் அதிகம். மேலை நாட்டில் நிரூபணமான சிகிச்சையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு பிஜிக்கு இதைவிடத் தெளிவான ஜர்னல் கிளப் கட்டுரை கிடைக்காது. வார்மரை அணைத்துப்போட்டு "குளிர்விக்கிறோம்" என்று சொல்லும் வழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் அதையும் இந்தப் பயிற்சியில் பேசி முடியுங்கள்.

உடனடிக் கங்காரு பராமரிப்பு நேர்மாறான உதாரணம். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியாவில் 1.0 முதல் 1.799 கிலோ வரையுள்ள 3211 குழந்தைகளிடம் நடந்தது. பிறந்தவுடனே தாயின் நெஞ்சில் வைத்தவர்களில் 28 நாள் இறப்பு 12.0 சதவீதம், நிலைப்பட்ட பிறகு வைத்தவர்களில் 15.7. பலன் தெளிவானதால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஆனால் அதற்குத் தாய்க்கு எஸ்.என்.சி.யூ.வுக்குள்ளேயே கட்டில் வேண்டும், மகப்பேறு டாக்டர் அங்கே வந்து தாயைப் பார்க்க வேண்டும். உங்கள் ஆறு மாதத் திட்டத்துக்குள் இதைத் திணிக்காதீர்கள். முதல் சுற்றில் லேபர் வார்டிலிருந்து எஸ்.என்.சி.யூ. வரையிலான பயணத்தை மட்டும் எடுங்கள். நிலையாக இருக்கும் குழந்தையைத் தாயோ, சிசேரியன் என்றால் அப்பாவோ, சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வர முடிகிறதா என்று ஒரு ஷிஃப்டில், ஒரு குழந்தையிடம் பார்த்து, அளவை எழுதி, பிறகு அடுத்த ஷிஃப்டுக்கு விரிக்கலாம்.

முப்பத்திநாலு_வாரம்

இறப்பு ஒப்பீடு, ரேண்டமைசேஷன் இரண்டையும் எடுத்துவிட்டேன். பட்டை வரைபடம் போடப் பழைய ரிஜிஸ்டர்களைப் பிஜி எடுத்திருக்கிறார். கூட்டல்_கழித்தல் சார், முன்னளவை ஐப்பசியில் ஆரம்பித்தால் பருவச் சிக்கல் தீருமா?

பதில்: கூட்டல்_கழித்தல்

பாதி தீரும். ஐப்பசி முதல் மார்கழி வரை முன்னளவு, தை முதல் மாற்றங்கள், அடுத்த ஐப்பசி முதல் மார்கழி வரை மறுபடி அளவு. இப்படி ஒரே பருவத்தை ஒரே பருவத்தோடு ஒப்பிடலாம். இடைப்பட்ட ஒன்பது மாதமும் ரன் சார்ட் ஓடிக்கொண்டே இருக்கட்டும். கூடவே பணியிட மாறுதல் கலந்தாய்வு நடந்த தேதியையும் வரைபடத்தில் ஒரு கோடாகக் குறியுங்கள். பாதி நர்ஸ்கள் மாறிப்போன வாரத்தில் வரைபடம் சரிந்தால், பயிற்சி தோற்றுவிட்டது என்று தப்பாக எழுதிவிடக் கூடாது.